வலமா சுத்தின கேபிள்

எங்க வீட்ல எது கெட்டுப் போனாலும் நான்தான் பிரிப்பேன். மிக்ஸி, தண்ணி மோட்டார், கீசர், மாடி ரூம்ல வெள்ளைக்காரங்க உடைச்சு வெக்கிற ஃபிளஷ் டேங்க், எல்லாமே. ஆளைக் கூப்பிட்டா "தோ வந்துட்டேங்க"ம்பான், அப்புறம் போனையே எடுக்க மாட்டான். பௌர்ணமின்னா சொல்லவே வேணாம், கிரிவலக் கூட்டத்துல ஊர்ல ஒரு பிளம்பர் கெடைக்க மாட்டான். செங்கம் ரோட்டுப் பக்கம் ரூமை வாடகைக்கு விட்டுப் பொழைக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்லுவாங்க. ஒருநாள் ஆத்திரத்துல நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அதுலேர்ந்து கை பழகிடுச்சு. கையோட சேர்ந்து வாயும் நீண்டுடுச்சு. "நான் போட்டா போட்டதுதான், அடுத்தவன் தொடக்கூடாது"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டுத் திரிவேன்.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பெங்களூரு ரோட்டுல அவர் ஓட்டாத வளைவு கெடையாது. லீவு நாள்ல ஒரே வேலை, தூண்டிலை எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போறது. மீன் திங்கிறதுல ஆசை கம்மி, புடிக்கிறதுலதான் ஜாஸ்தி. "அப்படி என்னாதாங்க இருக்கு அந்த ஏரியில?"ன்னு கேட்டா, "ஒண்ணும் இல்லடி, அதுக்குத்தான் போறேன்"பாரு.

மாடி ரூம்ல ரொம்ப வருஷமா ஒரு வெள்ளைக்காரர் குளிருக்குக் குளிர் வந்து தங்குவாரு. தியானத்துக்கு வந்தவர்தான். ஆனா தண்ணிமேல உக்காந்து தியானம் பண்ணணும்னு அவருக்கு ஒரு ஆசை. சின்னதா ஒரு ஃபைபர் படகு செய்யச் சொல்லி, அவங்க ஊர்லேர்ந்து ஒரு மோட்டாரையும் எடுத்தாந்தாரு. அது படகோட மூக்குல மாட்டுறது. பேட்டரியில ஓடும், சத்தமே வராது. ஒரு நீட்டு ராடு தண்ணிக்குள்ள இறங்கும், அதோட நுனியில சின்ன ஃபேன். கையால திருப்ப வேண்டியதே இல்ல. உக்கார்ந்த இடத்துல தையல் மெஷின் பெடல் மாதிரி ஒண்ணு இருக்கும், அதைக் காலால மிதிச்சே ஓட்டலாம், திருப்பலாம். பெடல்லேர்ந்து மோட்டார் தலைக்கு ரெண்டு கேபிள் ஓடும். முன்னங்காலை அழுத்துனா ஒரு கேபிள் இழுத்துப் படகு வலது பக்கம் திரும்பும். குதிகாலை அழுத்துனா இன்னொண்ணு இழுத்து இடது பக்கம் திரும்பும். எங்க வீட்டுக்காரரும் கூடப்போய்க் கத்துக்கிட்டு வந்து வீட்ல நாற்காலியில உக்காந்து காலை ஆட்டி ஆட்டிக் காட்டுனாரு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே "சரி சரி"ன்னேன். அப்புறம் அந்த வெள்ளைக்காரருக்கு முட்டி தேய்ஞ்சு போய், இனி வர முடியாதுன்னு படகையும் மோட்டாரையும் இவருகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு.

அதுக்கப்புறம்தான் இவருக்கு முதல் ஸ்ட்ரோக் வந்துச்சு. கால் பொழைச்சுது, பேச்சு பொழைச்சுது. வலது கை மட்டும் தொங்கிப் போச்சு. ஸ்டியரிங் புடிச்ச கை. சட்டை போட ஒருத்தர், சோறு பெசைய ஒருத்தர், ரோட்டைத் தாண்ட ஒருத்தர்னு ஆயிட்டாரு. யாராவது கையைப் புடிச்சா மூஞ்சி சுண்டிப் போயிடும். பகல் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அழுகையா வரும், அழுதா அவரு இன்னும் உடைஞ்சுடுவாருன்னு கத்துவேன். கத்துறது எனக்குச் சுளுவா வரும்.

ஒருநாள் அவரே சொன்னாரு, "கால் நல்லாத்தான இருக்கு? என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு. பேட்டரியை ஸ்கூட்டர் முன்னாடி வெச்சு, இவரைப் பின்னாடி உக்கார வெச்சுக் கொண்டுபோய் விட்டேன். ஏரியில மீன் குத்தகை எடுத்திருந்தவரு இவருக்குத் தம்பி மாதிரி, கரையில கொட்டாய் போட்டு அங்கயேதான் கெடப்பாரு. அவரு படகைத் தள்ளி விட்டாரு. இடது கையில தூண்டில், இடது கால்ல பெடல். சாயங்காலம் கூட்டியாரப் போனா, மனுஷன் மூஞ்சியே வேற. "யாரும் புடிக்கலடி. நானே போனேன், நானே திரும்பி வந்தேன்"னாரு. வீடு வர்றவரைக்கும் அதையே சொன்னாரு. இந்த உலகத்துல அவரை யாரும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாத ஒரே எடம் அந்தத் தண்ணிதான்னு அன்னிக்கு எனக்கும் புரிஞ்சுது.

கொண்டுபோய் விடும்போதெல்லாம் ஒரு தடவை கேப்பாரு. "நீயும் வாயேன். ஒரு ரவுண்டு."

"ஆமா, மாடியில பெட்ஷீட் எல்லாம் நீங்களா வந்து தொவைப்பீங்க?"

"அப்ப நாளைக்கு?"

"பாக்கலாம் பாக்கலாம்."

இப்படியே போயிட்டிருந்தப்ப அந்தக் கேபிள் அறுந்துச்சு. பழைய கேபிள், உள்ளுக்குள்ளயே துரு ஏறி நாரு நாரா பிஞ்சிருக்கு. நடு ஏரியில படகு திரும்பாம நின்னு போய், குத்தகைக்காரர் பரிசல்ல போய் இழுத்தாந்தாரு. கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தது இவருக்குப் பெரிய அவமானம். மோட்டாரை வீட்ல எறக்கி வெச்சுட்டுத் திரும்பச் சுவத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்குத் தாங்கல. "இன்னா பெரிய கேபிள்? நான் போடறேன்"னு எறங்கிட்டேன்.

அந்தக் கேபிள் நம்ம ஊர்ல எங்க கெடைக்கும்? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் அறுந்ததைக் காட்டுனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எந்த வண்டிதுங்க இது?"ன்னாரு. "படகு"ன்னேன். என்னை ஏற எறங்கப் பாத்தாரு. கடைசியில நானே ஆட்டோவோட கியர் கேபிளைக் கேட்டு வாங்குனேன். ஆட்டோவுல கியர் முன்னாடி ஹேண்டில்ல, இன்ஜின் பின்னாடி. அவ்ளோ நீளம் ஓடுற வயர், அதுவும் ரெண்டு. இதைவிடப் பொருத்தமா என்ன இருக்கு? எனக்கே என்மேல ஒரு பெருமை வந்துடுச்சு.

முத்தத்துல கோணியைப் போட்டு, மோட்டாரைத் தலைகீழா சாய்ச்சு வெச்சுப் பிரிச்சேன். தலைக்குள்ள பிளாஸ்டிக்ல ஒரு கப்பி இருந்துச்சு. ரெண்டு கேபிளும் அதுல எதிரெதிரா சுத்தி மாட்டியிருக்கணும். பழசு ரெண்டும் பிஞ்சு சிக்கிக் கெடந்ததுல எது எந்தப் பக்கம் சுத்தியிருந்துச்சுன்னு தெரியல. பாத்து மெதுவா எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நமக்கு ஏது பொறுமை, கட்டிங் பிளேயரைப் போட்டு ஒரே இழுவையா இழுத்துட்டேன்.

கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவரு, "இரு இரு, முன்னங்கால் கேபிள் எந்தப் பக்கமா வருதுன்னு..."ன்னு ஆரம்பிச்சாரு.

"ஏங்க, நீங்க பஸ் ஓட்டுனப்ப நான் வந்து ஸ்டியரிங்கைப் புடிச்சேனா?"

சிரிச்சுட்டு வாயை மூடிக்கிட்டாரு. முன்னங்கால் கேபிளைக் கையில எடுத்தேன். எந்தப் பக்கம் சுத்துறதுன்னு யோசிக்கவே இல்ல, கை தானா வலமா சுத்திடுச்சு. நான் பொறந்து வளந்தது அடி அண்ணாமலையில. கிரிவலப் பாதைமேலயே வீடு. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த ஜனம் மொத்தமும் மலையை வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டு ஒரே பக்கமாத்தான் சுத்துது. மாவைக் கரைச்சாலும் வலமாத்தான், ஆரத்தி எடுத்தாலும் வலமாத்தான். குழந்தைக்கு அரைஞாண் கயிறு சுத்துனாக்கூட எங்கம்மா, "எடமா சுத்தாதடி"ன்னு கையில ஒண்ணு போடும். வலது பக்கம் திருப்புற கேபிள், அதை வலமா சுத்தாம வேற எப்படிச் சுத்துறது? அடுத்ததை அதுக்கு எதிரா சுத்துனேன். கேபிள் நழுவாம இருக்க நுனியில ஸ்க்ரூ வெச்ச குண்டைப் போட்டு முறுக்கி, உறைக்குள்ள கிரீஸ் விட்டு, தொய்வு இல்லாம இழுத்துப் புடிச்சு மூடிட்டேன்.

பெடலை மிதிச்சா மோட்டார் தலை அந்தப் பக்கம் திரும்புது, குதிகாலைப் போட்டா இந்தப் பக்கம் திரும்புது. தலைகீழா கெடக்கிற மோட்டார்ல எது வலது எது இடதுன்னு யாரு பாத்தா? திரும்புச்சா இல்லையா, அவ்ளோதான். எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பக்கத்து ஓட்டல்காரர்கிட்டச் சொன்னேன். மாடியில தங்கியிருந்த பொம்பளைக்குக்கூட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல விளக்குனேன். அந்தப் பெருமையில ரெண்டு நாள் எனக்குச் சோறே எறங்கல.

முதல் நாள் ஏரியிலேர்ந்து வந்தவரு சட்டை கிழிஞ்சு, முழங்கையெல்லாம் கீறல். எங்க ஏரிக்குள்ள கருவேல மரம் நெறைய நிக்கும், தண்ணிக்கு மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு. அதுக்குள்ள போய் மாட்டிக்கிட்டிருக்காரு.

"மோட்டார் எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருக்கு. வெண்ணெய் மாதிரி திரும்புது."

"அப்புறம் ஏன் முள்ளுல போய் விட்டீங்க?"

"நான்தான் கவனிக்கல."

மறுநாளும் கீறல். அதுக்கடுத்த தடவையும். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இத்தனை வருஷம் அத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுன ஆளா நீங்க? இவ்ளோ பெரிய ஏரியில ஒரு மரத்தை ஒதுங்கிப் போகத் தெரியலையா? கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"ன்னு வாசல்ல நின்னே கத்துனேன். ஓட்டல்காரர் எட்டிப் பாத்தாரு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது போல"ன்னாரு.

விட்டேனா? கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். பெருசா ஒண்ணும் இல்லம்மான்னு டாக்டர் சொன்னதைக் காதுலயே வாங்காம, கண்ணாடி எழுதிக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னேன். லேசா ஒரு பவர்ல எழுதிக் குடுத்தாரு. அதைப் போட்டுக்கிட்டு இவரு ஏரிக்குப் போக ஆரம்பிச்சாரு. கொஞ்ச நாள்ல கீறலும் நின்னு போச்சு. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? கண்ணுதான் கோளாறு"ன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டாரு.

ஒரு பௌர்ணமி அன்னிக்கு வீட்டு வாசல்ல உக்காந்து கூட்டம் போறதைப் பாத்துக்கிட்டிருந்தோம். திடீர்னு அவராவே சிரிச்சாரு. "ஊரே வலமா சுத்துது. என் படகு மட்டும்தான் எடமா சுத்துது"ன்னாரு. "ஆமா, அது எதைத்தான் ஒழுங்கா பண்ணுச்சு, உங்களை மாதிரிதான்"னு நானும் சிரிச்சேன். என்ன சொல்றாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.

போன வருஷம் காலையில டீ குடிச்சுக்கிட்டிருந்தவரு டம்ளரோட சாஞ்சாரு. ரெண்டாவது ஸ்ட்ரோக். இந்தத் தடவை வலது காலும் போச்சு, பேச்சும் போச்சு. நாம பேசுறது எல்லாம் புரியுது. பதில் மட்டும் வாய்க்கு வர மாட்டேங்குது. எழுதுங்கன்னு இடது கையில பேனாவைக் குடுத்தா கோடு கோடா வருது. அவருக்கே ஆத்திரம் வந்து பேனாவைத் தள்ளி விட்டுடுவாரு. இப்ப கட்டில்தான் எல்லாம்.

படகு ஏரியிலயே கெடந்துச்சு. இந்த வருஷம் குத்தகை வேற ஆளுக்குப் போயிடுச்சு. பழைய குத்தகைக்காரர் போன் பண்ணி, "அக்கா, நான் கொட்டாயைப் பிரிக்கிறேன். படகை எடுத்துக்கோங்க, புது ஆளு எப்படியோ என்னவோ"ன்னாரு. ஒரு குட்டி யானை லோடு வண்டியை ஏற்பாடு பண்ணிட்டு, வீட்ல கெடந்த மோட்டாரையும் பேட்டரியையும் ஏத்திக்கிட்டுப் போனேன். வண்டி மதகுப் பக்கம்தான் நிக்கும். படகு கெடந்தது கொட்டாய்ப் பக்கம். தண்ணியிலதான் கொண்டு வரணும்.

"நீங்க கரையில இருங்கக்கா, நான் ஓட்டிட்டு வரேன்"னாரு குத்தகைக்காரர்.

"நான் கேபிள் போட்ட மோட்டார். எனக்கு ஓட்டத் தெரியாதா?"ன்னு ஏறி உக்காந்துட்டேன். அவரு ஏதோ சொல்ல வந்தாரு. நான்தான் அடுத்தவங்க பேசி முடிக்க விடுற ஆளு இல்லையே. தள்ளுங்கன்னேன், தள்ளுனாரு.

அதுதான் நான் அந்தப் படகுல உக்கார்ந்த முதல் தடவை. தண்ணி அசையாம கெடந்துச்சு, மலை முழுசா அதுல தெரிஞ்சுது. இதைப் பாக்கத்தான் கூப்பிட்டாரான்னு தோணுச்சு. முன்னாடி இடது பக்கமா ஒரு கருவேல மரம் வந்துச்சு. ஒதுங்கிப் போகலாம்னு வலது பக்கம் திருப்ப முன்னங்காலை அழுத்துனேன். படகு இடது பக்கம் திரும்புச்சு. பத்தலையோன்னு நல்லா அழுத்துனேன். நேரா மரத்துக்குள்ள போய்ச் சொருகிடுச்சு. முள்ளு கன்னத்துல கிழிச்சுது, புடவை மாட்டிக்கிச்சு.

"அக்கா, காலை எடுங்க! அது தலைகீழா திரும்பும்! அண்ணன் சொல்லலையா?"

குத்தகைக்காரர் இடுப்பளவு தண்ணியில எறங்கி வந்து படகைப் புடிச்சாரு. அவரு முள்ளை ஒதுக்கிக்கிட்டே சொன்னாரு. "கேபிள் புதுசா போட்டு வந்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சுக்கா. ரெண்டையும் மாத்தி மாட்டியிருக்கு, நான் அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்னேன். அண்ணன் விடல. 'வேணாம்டா, அவ ஊரெல்லாம் சொல்லிட்டா. இனிமே போய்த் தப்புன்னு சொன்னா அவ மூஞ்சி சின்னதாயிடும். என் காலை நான் மாத்திக்கிறேன்'னாரு. கரையோரமாவே போய்ப் போய்ப் பழகுனாரு. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாரு. ஆயுசுக்கும் ஸ்டியரிங் புடிச்ச மனுஷன் இல்லையா, வலதுன்னா வலதுன்னுதான அவருக்கு வரும்?"

தலைகீழா கெடக்கிற மோட்டார்ல வலமா சுத்துனதை நிமித்தி வெச்சுப் பாருங்க, எடமாத்தான் சுத்தியிருக்கும். சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுற விஷயம். படகுல உக்காந்துக்கிட்டு அதை நெனைச்சேன், வாசல்ல நின்னு நான் கத்துனதை நெனைச்சேன், அந்தக் கண்ணாடியை நெனைச்சேன். ஒரே ஒரு நாள், அவரு கூப்பிட்டப்போ ஒரே ஒரு ரவுண்டு நான் ஏறி உக்கார்ந்திருந்தா, அவரு காலைப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பேன். பெட்ஷீட் எங்க ஓடிப் போயிடும்? நல்ல கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி விட்ட பாவி நான். முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். குத்தகைக்காரர் படகைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு மதகுப் பக்கம் நடந்தாரு.

வீட்டுக்கு வந்ததும் நேரா கட்டில்கிட்டப் போனேன். என் கன்னத்துக் கீறலைப் பாத்தாரு. பாத்த ஒடனே புரிஞ்சு போச்சு அவருக்கு. கண்ணு ஓடி ஜன்னல் பக்கம் போயிடுச்சு, திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கத்தியிருப்பேன், அவ்ளோதான? எப்பவும் கத்துறதுதான?"

வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. சிரிப்பா அழுகையான்னு இப்பல்லாம் அவருகிட்டப் பிரிச்சுச் சொல்ல முடியறதில்ல. கால்மாட்டுல உக்காந்தேன். போர்வையை விலக்கி, நல்லா இருக்கிற அந்த இடது காலுக்கு அடியில என் உள்ளங்கை ரெண்டையும் வெச்சேன். என்னத்துக்கு அப்படிப் பண்ணேன்னு எனக்கே தெரியல.

"நான் ஏறி உக்காந்துட்டேன். போலாம்"னேன். "வலது பக்கம் மரம் இல்ல, அந்தப் பக்கம் போங்க."

அப்புறம் குதிகால் என் கையை அழுத்துச்சு. குதிகால்தான். நான் மாத்திப் போட்டது அந்தக் காலுக்குள்ள அப்படியே இருக்கு.

"இப்ப இடது."

முன்னங்கால் அழுத்துச்சு. தப்பே இல்ல. வலது, இடது, திரும்ப இடதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், அவரு திருப்பிக்கிட்டே இருந்தாரு. மரத்தையெல்லாம் சொன்னேன், மதகைச் சொன்னேன், தண்ணியில தெரியுற மலையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டாரு. மாடியிலேர்ந்து யாரோ தண்ணி வரலைன்னு கூப்பிட்டாங்க. நான் எழுந்திருக்கல. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க.

"சரிங்க, நேரமாச்சு. கரைக்குத் திருப்புங்க"ன்னேன்.

கால் அசையல. இன்னொரு தடவை சொன்னேன். அவரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு, காலை மட்டும் அசைக்கல. நானும் கையை எடுக்கல.